வைகாசிப் பொங்கலுக்கு வன்னிக்குள்: பிள்ளைகளோடு ஆறு நாள்

வெள்ளி: வவுனியா – முறிகண்டி – கிளிநொச்சி

முல்லைத்தீவு வற்றாப்பளையில் இருக்கும் கண்ணகி அம்மனுக்கு, எங்கள் அம்மாளாச்சிக்கு, பொங்கல் வைகாசியில் ஒரு திங்கட்கிழமையில் வரும். அன்றைக்கே போய் அன்றைக்கே திரும்புகிற ஆட்கள் ஏராளம். இளந்தாரிகளுக்கு அது சரி. சின்னப் பிள்ளைகளையும் அப்பம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகிற தகப்பனுக்கு வெள்ளி விடியப் புறப்படுவதுதான் புத்தி. முறிகண்டி, இரணைமடு, ஒட்டுசுட்டான் என்று ஆறுதலாகப் போய்ச் சேரலாம். பொங்கல் முடிந்த கையோடு மடு மாதா கோயிலுக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம்.

ஏற்றுகிற சாமானில் முதலாவது தண்ணீர். வைகாசி வெயிலுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் என்று கணக்குப் போட வேண்டும். ஆறு பேர் என்றால் 20 லீற்றர்க் கான் ஒன்று ஒரு நாளைக்குத்தான் காணும், ஒவ்வொரு இரவும் நிரப்பவேண்டி வரும். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படியும் கல்லுத்தண்ணீர். பழக்கமில்லாத பிள்ளைகள் அதைக் குடிக்க மறுத்துத் தாகத்தோடு இருந்துவிடுவார்கள், பின்னேரம் தலையிடி என்பார்கள். அப்பம்மாவின் பிறஷர்க் குளிசை வானின் பின்பக்கப் பெட்டிக்குள் போகக்கூடாது, மடியில் இருக்கும் பையில் இருக்க வேண்டும். மேலதிக ரயர் இருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். அதற்குள் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு.

கண்டி றோட்டில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் தாண்டினால் முறிகண்டிப் பிள்ளையார் கோயில். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 75 கிலோமீற்றர், இடையில் இந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகிற வாகனம் அரிது. பஸ்ஸும் நிற்கும், லொறியும் நிற்கும், கலியாண மாப்பிள்ளையின் காரும் நிற்கும். ஏன் நிற்கிறார்கள் என்று பிள்ளை கேட்டால் சுற்றி வளைக்கத் தேவையில்லை. காட்டு வழியில் வண்டிலில் போனவர்கள் இறங்கி, கும்பிட்டு, களைப்பாறிப் போன இடம். வழித்துணைக்கு ஒரு பிள்ளையார். இவ்வளவும் போதும், ஆறு வயதுக்காரனுக்கு விளங்கும்.

தேங்காய் உடைக்கிற வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கலாம். காயைப் பார்த்து வாங்கப் பழக்குவதும் அதோடு சேர்ந்ததுதான். கையில் எடுத்தால் பாரமாக இருக்க வேண்டும். காதோடு வைத்துக் குலுக்கினால் தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்க வேண்டும். கண் மூன்றும் காய்ந்திருக்க வேண்டும், ஈரமோ பூஞ்சணமோ தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அர்ச்சனைக்கு இரண்டு பாதியாக உடைக்கிற காய் வேறு, வாசலில் அடிக்கிற சிதறுதேங்காய் வேறு. முன்னதைக் கண் இருக்கும் பக்கம் மேலே வர இடது கையில் பிடித்து, நடு வயிற்றில் கத்தி முதுகால் ஒரே கோட்டில் நாலைந்து தரம் சுழற்றித் தட்டினால் கோடு பிடித்து வெடிக்கும். சிதறுதேங்காயை முழங்காலளவு குனிந்து, கல்லைப் பார்த்து, ஒரே வீச்சில் அடிக்க வேண்டும். பாதி மனத்தோடு போட்டால் காய் உருண்டு ஓடும், பிள்ளைக்கு வெட்கமாகிவிடும். சிரட்டைச் சில் பறக்கும் என்பதால் பின்னுக்கு நிற்கிறவர்களை ஆறடி தள்ளி நிறுத்துங்கள்.

காய் அழுகலாக இருந்தால் அப்பம்மாவின் முகம் வாடும். குலுக்கிப் பார்க்காமல் வாங்கினோம் என்பதற்கு மேல் அதில் ஒரு சகுனமும் இல்லை. இன்னொரு காய் வாங்கி உடைத்துவிட்டால் முகம் தெளிந்துவிடும், இதில் வாதம் பண்ணி வெல்ல வேண்டிய தேவை இல்லை.

பிறகு கச்சான், அதாவது நிலக்கடலை. முறிகண்டிக்குப் போய்க் கச்சான் வாங்காமல் வந்தால் வீட்டில் நம்பமாட்டார்கள். மணலில் வறுத்தது சூடாக இருக்கும்போதே வாங்க வேண்டும். கோதை அமத்தினால் 'டக்' என்று உடைய வேண்டும், வளைந்து கொடுத்தால் வறுவல் காணாது. உள்ளே தோல் கருகியிருந்தால் கைக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுக்கொட்டை கொடுக்கவேண்டாம். ஓடுகிற வானில் சிரித்துக்கொண்டு சாப்பிடும்போது மூச்சுக்குழாயில் போய் அடைக்கிற சாமான்களில் இது முதலாவது. மேல்காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர், எந்தக் கச்சான் என்று பிள்ளைகள் கேட்டே தீருவார்கள்.

இரவுத் தங்கல் கிளிநொச்சி.

சனி: இரணைமடு

இன்றைக்கு ஓட்டம் இல்லை. ஒரு நாள் முழுக்க ஒரு குளத்தைப் பார்ப்பதா என்று பெரியவன் முகத்தைச் சுளிக்கலாம். குளக்கட்டில் ஏற்றி நிறுத்துங்கள், சுளிப்பு போய்விடும்.

இரணை என்றால் இரட்டை. கனகராயன் ஆற்றின் வழியில் இருந்த இரண்டு மடுக்களைச் சேர்த்துக் கட்டியதால் இரணைமடு. 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்தது. பிறகு 1948–51, 1954–56, 1975–77 என்று மூன்று தரம் பெருப்பித்தார்கள். அண்மையில் திருத்திய பிறகு கொள்ளளவு 36 அடி. மாரியில் பேப்பர்க்காரர் 'இரணைமடு 35 அடி' என்று எழுதினால் கிளிநொச்சிச் சனம் நித்திரை கொள்ளாது. 2018 மார்கழியில் வான்கதவுகளைத் திறந்தபோது கீழே வெள்ளம் போட்டதை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை: துருசு, வான்கதவு, வாய்க்கால். துருசு என்பது கட்டுக்கு அடியால் வயலுக்குத் தண்ணீர் விடும் வழி. குளம் நிரம்பி வழியும்போது திறப்பது வான்கதவு. அதால் போகும் தண்ணீர் வயலுக்குப் போகாது, கனகராயன் ஆற்றோடு சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போய்விடும். இரண்டும் ஒன்று என்று நினைக்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். துருசைப் பார்த்தபின் வாய்க்கால் வழியே ஒரு கிலோமீற்றர் நடவுங்கள். பெரிய வாய்க்காலிலிருந்து சின்ன வாய்க்கால், அதிலிருந்து வயலின் வக்கடை. வக்கடையை மண்வெட்டியால் வெட்டித் திறந்து, காணுமென்றதும் மண்ணை அள்ளி அடைக்கிறதைப் பார்த்தால், தண்ணீர் பைப்பில் பிறக்கிறது என்ற எண்ணம் பிள்ளைக்கு மாறும்.

வைகாசியில் வயலில் நிற்பது சிறுபோகம். காலபோகம் மழையை நம்பியும் குளத்தை நம்பியும் விதைப்பது. சிறுபோகம் குளத்தை மட்டும் நம்பியது. அதனால் விதைப்புக்கு முதல் கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று பார்த்துத்தான் விதைப்பு. தண்ணீர் குறைவென்றால் ஐந்து ஏக்கர்க்காரனுக்கும் ஐந்து ஏக்கர் கிடையாது, பங்குதான். மாதக் கடைசியில் வீட்டுச் செலவை எப்படிச் சுருக்குகிறோம் என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த இதைவிட நல்ல இடம் தெரியாது. சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்கிற பழக்கம் எங்கள் தகப்பன்மாரிடம் உண்டு. குளத்தின் அடிக்கணக்கு எல்லாருக்கும் தெரிவதால்தான் பங்கு பிரிக்கும்போது சண்டை குறைகிறது. வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையாளரின் கட்சி.

கட்டின் கல்லணைப் பக்கம் பாசி வழுக்கும், கால் கழுவக்கூட அதில் இறங்கவேண்டாம். குளிக்க ஆசையென்றால் வாய்க்காலில், முழங்காலளவு தண்ணீரில், ஆள் பார்த்திருக்கக் குளிக்கலாம். துருசுக்குக் கிட்ட ஒருபோதும் வேண்டாம், மேலே அசையாமல் கிடக்கும் தண்ணீர் கீழே இழுக்கும். மாலையில் கட்டடியில் உள்ள கனகாம்பிகை அம்மன் கோயிலில் விளக்கு வைக்கிற நேரம் போனால் காற்றும் நல்லது, கூட்டமும் இல்லை.

ஞாயிறு: மாங்குளம் – ஒட்டுசுட்டான் – முள்ளியவளை

மாங்குளத்துக்குத் திரும்பி வந்து கிழக்கே முல்லைத்தீவு றோட்டில் திரும்ப வேண்டும். பரந்தனால் போகிற றோட்டும் உண்டு, அதைச் செவ்வாய்க்கு வையுங்கள்.

றோட்டோரம் பாலைப்பழம் வைத்திருப்பார்கள். வைகாசி, ஆனி அதன் காலம். மஞ்சளாக, சின்ன விரல் நுனி அளவில், தேன் மாதிரி இனிக்கும். பாலும் அதே அளவுக்கு ஒட்டும். இருபது பழம் சாப்பிட்டால் மேலுதடும் கீழுதடும் பிரியாது. சாப்பிட முதல் உதட்டில் துளி தேங்காயெண்ணெய் பூசிவிட்டால் ஒட்டாது. ஒட்டிய பிறகும் எண்ணெய்தான், தண்ணீருக்குப் போகாது. பிள்ளைகள் அரை மணித்தியாலம் பேசாமல் வருவதற்காக எண்ணெயை மறந்துவிடுகிற தகப்பன்களும் இருப்பார்கள்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சிறுநீர் கழிக்கப் பற்றைக்குள் தூரப் போக விடாதீர்கள். மிதிவெடி இருக்கும் என்று சிவப்பில் மண்டையோடு போட்ட பலகையோ நாடாவோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடிகூட இல்லை. பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்கவேண்டாம். நிலத்தில் கிடக்கிற இரும்புத் துண்டு எதையும் எடுக்கக்கூடாது, காலால் தட்டக்கூடாது. வானில் ஏறமுன் சொல்லி, இறங்கமுன் இன்னொரு தரம் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரருக்குப் பெயர் வந்த கதை வயல்காரரின் கதை. குரக்கன் வெட்டிய பிறகு நிலத்தில் நிற்கும் அடித்தாள்தான் ஒட்டு. அதைச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான். சுட்டபோது ஓரிடம் மட்டும் எரியாமல் நின்றது, மண்வெட்டி பட்டு இரத்தம் வந்தது, தோண்டினால் லிங்கம் என்கிறது ஐதீகம். வேகாத வனம் என்பதால் வேகாவனேஸ்வரர் என்ற பெயரும் உண்டு. அடித்தாளை ஏன் சுட வேண்டும், உழுதுவிட்டால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் சுற்றாடல் படிக்கிற மகள் கேட்டால் கதை அந்தப் பக்கம் போய்விடும். போகட்டும்.

கற்சிலைமடு பக்கத்தில்தான். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயரின் கப்டன் வொன் ட்ரிபேர்க் தோற்கடித்தான் என்று பொறித்த கல் நட்டிருந்த இடம். அதே ஆண்டு ஆவணியில் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் பண்டாரவன்னியன். தோற்ற நாளுக்குக் கல் வைத்தவர்கள் வென்றவர்கள் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

பொழுதுபட முள்ளியவளை. வற்றாப்பளைப் பொங்கல் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. முதலில் பாக்குத்தெண்டல், அதாவது பொங்கலுக்குப் பாக்கு வாங்குகிற சடங்கு. பிறகு பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை கடலுக்குப் போய்த் தீர்த்தம் எடுத்து வருவார்கள். அந்தக் கடல்நீரில் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு ஏற்றுவார்கள், அது ஏழு நாள் எரியும். ஞாயிறு இரவு காட்டா விநாயகருக்குப் பொங்கல். அதன் பின் விளக்கும் மடைப்பண்டம் என்கிற படையல் சாமானும் வற்றாப்பளைக்குப் போகும். இந்த ஒழுங்கு தெரியாமல் திங்கள் மட்டும் வருகிறவர்கள் பொங்கலின் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

உப்புத்தண்ணி எப்படியப்பா எரியும்? இந்தக் கேள்வி வரும். மதுரையை எரித்த பின் கண்ணகி ஈழத்துக்கு வந்து ஒவ்வொரு இடமாகத் தங்கி, பத்தாவதாகத் தங்கிய பளை பத்தாப்பளையாகி வற்றாப்பளையானது என்பார்கள். நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்த பொடியங்களிடம் ஒரு கிழவி பசிக்கிறது என்றாள். அவர்கள் புக்கை பொங்கினார்கள், விளக்குக்கு எண்ணெய் இல்லை, கடல் தண்ணியை ஊற்றி ஏற்று என்றாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள், தலை முழுக்கக் கண். இந்தக் கதையை அப்பம்மா சொல்லட்டும். தகப்பன் நடுவில் புகுந்து விஞ்ஞானமும் சொல்லவேண்டாம், சத்தியமும் பண்ணவேண்டாம். 'அப்படித்தான் எங்கட ஆக்கள் சொல்லிவருகினம், வா, போய்ப் பாப்பம்' என்றால் போதும். பார்த்துவிட்டு வந்து பிள்ளை தனக்கென்று ஒரு எண்ணம் வைத்துக்கொள்ளும், அது பத்து வயதில் ஒன்றாகவும் பதினாறில் வேறாகவும் இருக்கும்.

திங்கள்: வற்றாப்பளை

விடியப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் மணல் கொதிக்கும், கோயில் வீதியில் செருப்பு இல்லை. சின்னவனுக்கு நனைத்த துவாய் ஒன்று கையில் இருக்கட்டும், நின்று நின்று போகும்போது காலடியில் போடலாம். தூக்கச் சொல்லி அழும் வரைக்கும் வைத்திருக்காதீர்கள்.

சனத்துக்குள் பிள்ளை தவறினால் போன் உதவாது, அத்தனை பேர் கூடும் இடத்தில் கோல் எடுபடாது. உள்ளங்கையில் பேனையால் எழுதிய இலக்கம் வியர்வையில் அரை மணித்தியாலத்தில் அழியும். துணித்துண்டில் எழுதி, சட்டையின் உட்பக்கம் ஊசியால் குத்திவிடுங்கள், வெளியில் தெரியக்கூடாது. 'காணாமல் போனால் இந்த மரத்தடி' என்று வந்தவுடன் ஒரு மரத்தைக் காட்டி, பிள்ளையையே அங்கிருந்து கோயில் வாசலுக்கும் வாசலிலிருந்து மரத்துக்கும் வழிகாட்டச் சொல்லுங்கள். வாயால் சொன்னது மறக்கும், நடந்தது மறக்காது.

இனிப் பொங்கல். பொங்கும் பானையை இங்கே வளந்து என்பார்கள். புது மண் வளந்தை முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். ஊறாத பானையை நெருப்பில் வைத்தால் அடியில் மயிர்வெடிப்பு விழும், பால் நெருப்புக்குள் சொட்டும், அப்பம்மா பேசாமல் இருந்தாலும் நாள் போய்விடும்.

அரைக் கிலோப் பச்சையரிசிக்குக் கணக்கு இது. வறுத்துக் கோது நீக்கிய பயறு 100 கிராம், சர்க்கரை 400 கிராம், பெரிய தேங்காய் ஒன்று, கஜு 50 கிராம், முந்திரிகை வத்தல் 50 கிராம், ஏலக்காய் ஆறு, உப்பு ஒரு கிள்ளு. வீட்டிலேயே நிறுத்து, தனித்தனிப் பையில் கட்டிக்கொண்டு வாருங்கள். காரணம் உண்டு. படைக்க முதல் ருசி பார்க்கக்கூடாது. நாக்கால் திருத்த முடியாத சமையலுக்கு அளவுதான் நாக்கு. 'கண்ணளவு போதும்' என்கிற கெட்டிக்காரரின் புக்கைதான் ஒன்றில் தெவிட்டும், இல்லாவிட்டால் சப்பென்றிருக்கும்.

தேங்காயைத் துருவி, தண்ணீர் கொஞ்சமாக விட்டு முதற்பால் ஒரு தம்ளர் பிழிந்து மூடி வையுங்கள். இரண்டாம், மூன்றாம் பாலையும் தண்ணீரையும் சேர்த்து இரண்டரை லீற்றர் வரவேண்டும். மூன்று லீற்றர் கொள்ளும் வளந்து இதற்குச் சரி, கழுத்துக்குக் கிட்ட நிற்கும். பலர் விடும் பிழை பெரிய பானையில் கொஞ்சப் பால் வைப்பது. அது கொதிக்கும், பொங்கி வழியாது. பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி நின்று அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மூன்று கல்லையும் மணலில் பாதி புதைத்து வையுங்கள், மேலே வைத்த கல் சரியும். கல் மூன்றும் ஒரே மட்டம் என்று தண்ணீர் விட்ட பானையை வைத்துப் பாருங்கள். வைகாசியில் சோளகக் காற்று வீசும். காற்று வரும் பக்கம் தகரத்துண்டு ஒன்றை நட்டுவிட்டால் சுவாலை பானைக்கு அடியில் நிற்கும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் அடிப்பிடித்து மறு பக்கம் பச்சையாகக் கிடக்கும். மூட்டுவதற்குப் பொச்சுமட்டை, பாளை; பிறகு கைத்தடி மொத்தத்தில் காய்ந்த பாலை விறகு. ஈர விறகு புகைக்கும், புகைநாற்றம் பாலில் ஏறினால் எந்த ஏலக்காயாலும் மறைக்க முடியாது.

பால் பொங்கி வழிந்ததும் வீட்டுக்குப் பெரியவர் மூன்று பிடி அரிசியைப் பானையைச் சுற்றிக் காட்டிப் போட, மற்றவர்களும் ஒவ்வொரு பிடி போடலாம். மிச்ச அரிசியையும் பயறையும் போட முன் அகப்பையால் இரண்டு தம்ளர் கொதிபாலை எடுத்து வேறு பாத்திரத்தில் வையுங்கள். எடுக்காமல் போட்டால் வழிந்து நெருப்பை அணைக்கும். அரிசி இறுக இறுக அந்தப் பாலையே திரும்ப விட்டுக் கிண்டலாம். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி அரிசி நடுவில் நிற்கும்.

சர்க்கரை எப்போது போடுவது என்பதில்தான் எல்லாம் கெடுகிறது. ஒரு பருக்கையை எடுத்து இரு விரலால் நசித்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லாமல் மசிய வேண்டும், அதற்குப் பிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி அதற்கு மேல் வேகாது, எவ்வளவு நேரம் கிண்டினாலும் விறைத்தபடிதான் இருக்கும். சர்க்கரையில் மண்ணும் தும்பும் இருக்கும் என்பதால் ஒரு தம்ளர் சுடுநீரில் கரைத்து வடித்து விடுங்கள். அதன் பின் விறகை இழுத்து, தணலில் மட்டும் வைத்து முதற்பாலை விட வேண்டும். கொதிக்கிற சர்க்கரையில் தேங்காய்ப்பால் திரைந்து போகும். கஜு, வத்தல், ஏலக்காய், இறக்கம்.

இந்த வேலைக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இடம் இருக்க வேண்டும். மூத்தவன் நெருப்புக்குப் பொறுப்பு. மகள் பால் பிழியட்டும். மகள்தான் பிழியவேண்டும் என்றும் இல்லை, மாற்றிக்கொள்ளலாம். சின்னவனிடம் அரிசிப் பையைக் கொடுத்து 'அப்பா கேக்கும்வரை தரக்கூடாது' என்றால், கோயில் முழுக்கக் கூட்டம் ஆடினாலும் அவன் அசையான். சும்மா நிறுத்திக் கும்பிடு என்றால் ஐந்து நிமிடத்தில் போனைக் கேட்பார்கள். நெருப்புக்குக் கிட்ட நைலோன் சட்டை வேண்டாம், பருத்தி. சுட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் பிடிக்க வேண்டும், பற்பசை பூசக்கூடாது.

காவடி, தூக்குக்காவடி, பாற்செம்பு, அங்கப்பிரதட்சணை எல்லாம் சுற்றிலும் நடக்கும். அலகு குத்துவதைக் கண்டு சின்னவர்கள் பயந்தால் இழுத்துக்கொண்டுபோய்க் காட்டவேண்டாம். நேர்த்திக்கடன் பற்றி ஒரு வார்த்தை: காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்காகத் தாயோ தகப்பனோ வைத்த நேர்த்தியை அவர்களே செய்வதுதான் முறை என்று படுகிறது. கேளாமல் வைத்த கடனைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது சரியில்லை. கூடவே நடந்து வரட்டும், தானாகக் கேட்டால் பாற்செம்பைக் கொடுங்கள்.

செவ்வாய்: முல்லைத்தீவு

காலையில் நித்திரை. வெயிலடித்த பிள்ளைக்கு ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூளைக் கரைத்துக் கொடுக்கலாம். பொதியில் போட்டிருக்கிற தண்ணீரளவை அப்படியே எடுக்க வேண்டும், கிளாசில் பாதிப் பொதி என்று கொடுக்கக்கூடாது. கையில் இல்லாவிட்டால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றருக்குத் தேக்கரண்டி மட்டமாக ஆறு சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

பின்னேரம் கடற்கரையில் கரைவலை இழுக்கிறதைப் பார்க்கலாம். கயிற்றைப் பிடித்து இழுக்க ஆசைப்படும் பிள்ளைகளை ஆட்கள் விரட்டுவதில்லை, ஆனால் கயிற்றின் வளையத்துக்குள் கால் வைக்கக்கூடாது.

அங்கிருந்து பரந்தன் றோட்டால் கொஞ்சத் தூரம் போனால், போர் முடிந்த முள்ளிவாய்க்கால். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது ஒரு பெயர்ப்பலகை. என்ன சொல்லுவது, எவ்வளவு சொல்லுவது என்பதற்கு அளவு எழுத முடியாது. மே 18ஐ ஒட்டி அந்த நாட்களின் நினைவாகக் காய்ச்சுகிற கஞ்சியின் அளவை எழுதலாம்: அரிசி ஒரு பிடி, தண்ணீர் நிறைய, உப்பு. பால் இல்லை, பயறு இல்லை. நேற்றுப் பொங்கலுக்கு நிறுத்துக் கட்டிய ஏழெட்டுப் பைகளைக் கண்ட பிள்ளை இதைக் குடித்துவிட்டுக் கேட்கிற கேள்விக்கு, தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லுங்கள். அப்பம்மா பேசாமல் இருந்தால் அவரைப் பேச வைக்க வேண்டாம்.

புதன்: மடு

வவுனியாவுக்கு வந்து, பறையனாளங்குளம் தாண்டி, மன்னார் றோட்டில் மடு றோட் சந்தியால் உள்ளே திரும்ப வேண்டும். ரயிலில் வருகிறவர்களுக்கு மடு றோட் நிலையம் உண்டு.

சைவக் குடும்பம் மடுவுக்குப் போவதை வன்னியில் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. 1670இல் ஒல்லாந்தர் காலத்துக் கெடுபிடியில் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1924இல் முடி சூட்டினார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது சுரூபம் தேவன்பிட்டிக்குப் போய், ஓகஸ்டில் திரும்பி வந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு மாதாவும் அப்படித்தான் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் இங்கே வந்தார், தைப்பொங்கலுக்கு முதல் நாள்.

ஜூலை 2, ஓகஸ்ட் 15 திருநாட்களில் இடம் கிடைக்காது, காட்டுக்குள் கூடாரம்தான். வைகாசியில் கோயில் அமைதியாக இருக்கும். சின்னவன் இங்கேயும் தேங்காய் உடைப்பதா என்று கேட்பான். இங்கே மெழுகுதிரி. திரியை நிறுத்த அடியை உருக்கி, உருகிய மெழுகு இறுகும் வரை பத்து எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும், ஐந்தில் விட்டால் சரியும். தோள் மூடின உடுப்பு, தாழ்ந்த குரல். குரங்குகள் பையைப் பார்த்துக்கொண்டிருக்கும், சாப்பாட்டுப் பார்சலைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்கவேண்டாம்.

மடு மண் பாம்புக் கடிக்கு மருந்து என்ற நம்பிக்கை பழையது. கொஞ்சம் எடுத்து வீட்டுச் சாமியறையில் வைக்கிறார்கள், நாகதம்பிரான் படத்துக்குப் பக்கத்திலேயே. வைக்கட்டும். கடித்துவிட்டால் மட்டும் மண்ணோடு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரி. இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. மோதிரம், காப்பு கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். நிலத்தில் பாய் போட்டுப் படுக்கிறவர்களை இரவில் கடிப்பது கட்டுவிரியன், நோவும் வீக்கமும் பெரிதாக இராது, அதனால்தான் ஏமாறுகிறார்கள். நுளம்புவலையைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிவிட்டுப் படுங்கள்.

பொழுதுபட முதல் காட்டு றோட்டைக் கடந்து வவுனியாவுக்கு வந்துவிட வேண்டும், இருட்டினால் யானை ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் வானிலிருந்து முதலில் இறக்க வேண்டியது வளந்து. சவர்க்காரம் போடவேண்டாம், மண் அதைக் குடித்து அடுத்த பொங்கலில் கக்கும். சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்து, சுடுநீர் விட்டு அலசி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்த பிறகு சுண்டிப் பாருங்கள். வெங்கல மணிபோலக் கேட்டால் அடுத்த வைகாசிக்கு ஆகும், சத்தம் அடைத்தால் எங்கேயோ வெடித்திருக்கிறது, பூக்கண்டு வைக்கலாம்.